மீத்தேன், மீத்தாய், மீத்தாள்

பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று நான் முடிவெடுத்தது, ஒரே பூசணிக்காயை மூன்றாவது தடவையாகத் தட்டில் பார்த்த அன்றுதான்.

முதல் தடவை அது துண்டு துண்டாக வந்தது. பூசணிக்காய் என்றால் அப்படித்தான் வரும். சாப்பிட்டேன். மறுநாள் மசித்த கிழங்கோடு கலந்து, யாரோ எவரோ மாதிரி வந்தது. அடையாளம் தெரிந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். அதற்கும் மறுநாள் மாவில் முங்கி, தட்டையாகி, எண்ணெயில் பொரிந்து, தலையில் கொஞ்சம் மல்லித்தழையும் வைத்துக்கொண்டு வந்தது.

"இது என்ன?" என்றேன்.

"சாப்பிட்டுப் பாருங்க," என்றாள் என் மனைவி.

பிய்த்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து பூசணிக்காய் என்னைப் பார்த்தது.

என் மனைவி எதையும் வீணாக்க மாட்டாள். நல்ல குணம். அடுத்த வீட்டிலிருந்து பார்த்தால் இன்னும் நல்ல குணம். அவள் கை பட்ட காய்க்குச் சாவே கிடையாது, மறுபிறவி மட்டும்தான். பருப்பாகப் பிறந்து, சூப்பாக வளர்ந்து, ரொட்டிக்குள் ஒளிந்து, கடைசியில் என் வயிற்றில்தான் அதற்கு மோட்சம். எங்கள் வீட்டில் பிடிக்காததைத் துப்பும் உரிமை ஒரே ஒரு ஆளுக்கு உண்டு. அவளுக்கு இன்னும் முழுசாகப் பல் முளைக்கவில்லை. அவள் மீத்த கஞ்சியும் என் தட்டுக்குத்தான் வந்து சேரும்.

எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு அன்றைக்கே பிறந்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன்.

"ராத்திரிக்குப் புதுசா எதாச்சும் பண்ணேன்."

"பழசு இருக்கே," என்றாள்.

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு பழசைச் சாப்பிட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஊர்க் குப்பைக் கிடங்கில். மேஸ்திரி. லாரி உள்ளே வந்தால், இந்தப் பக்கம் கொட்டு, அந்தப் பக்கம் கொட்டாதே என்று கை காட்டுவேன். பத்துச் சக்கர லாரி என் கைக்குக் கட்டுப்பட்டுப் பின்னால் போகும். வீட்டில் ஒரு கரண்டிகூடக் கட்டுப்படாது.

கிடங்கில் ஒரு மலை இருக்கிறது. ஊரே சேர்ந்து கட்டியது. வெயில் ஏறினால் அது தானாகப் புகையும். தீ கண்ணுக்குத் தெரியாது, புகை மட்டும் வரும். அந்த இடத்தில் மண்ணைப் போட்டு மூடுவோம். உடனே வேறு இடத்தில் புகையும். அங்கே போய் மூடுவோம். இதற்குத்தான் சம்பளம்.

இந்தப் புகையைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மேடம். எங்களையெல்லாம் தகரக் கொட்டகைக்குள் உட்கார வைத்து விளக்கினார். லாரியில் வருவதில் பாதி சாப்பாடும் காய்கறியும்தானாம். அதை மற்ற குப்பைக்கு அடியில் போட்டுப் புதைத்துவிடுகிறோமாம். காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் என்று ஒரு வாயு கிளம்புகிறதாம். அது உள்ளே இருந்தால் தீப்பிடிக்கும். வெளியே போனால் பூமிக்குக் கம்பளி போர்த்திவிடும். ஏற்கெனவே அடிக்கிற வெயிலில் கம்பளி வேறு.

"அப்ப என்ன மேடம் பண்றது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"சாப்பாட்டுக் குப்பை இங்க வரவே கூடாது. வீட்டுலயே ஒரு டிரம்முல போட்டா, அதே வாயுவைப் பிடிச்சு அடுப்பு எரிக்கலாம். முதல்ல நம்ம ஆளுங்க வீட்டுல கொஞ்சம் டிரம் வச்சுப் பாக்கலாம்னு இருக்கோம். யார் வீட்டுல இடம்..."

அவர் முடிக்கவில்லை. என் கை மேலே இருந்தது.

"மிச்சமான சாப்பாடெல்லாம் அதுல போடலாமா மேடம்?"

"போடலாம்."

"முந்தின நாள் கறி?"

"போடலாம்."

"பூசணிக்காய்?"

"அதை மட்டும் எதுக்குத் தனியாக் கேக்கறீங்க?"

"சும்மாதான் மேடம். ஒரு ஆர்வம்."

இவ்வளவு ஆர்வமுள்ள ஒரு ஆளை இந்தத் துறையில் தான் பார்த்ததே இல்லை என்று மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. பூசணிக்காயை நினைத்துத்தான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"நம்ம வீட்டுல மீத்தேனைக் குறைக்கணும்."

"என்னது?"

"மீத்தேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மீத்தீங்களா? எங்க, தட்டைக் காட்டுங்க."

"நான் மீக்கல. மீத்தேன்."

"மீக்கலைங்கறீங்க. மீத்தேங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அது ஒரு வாயு."

"அது உங்களுக்கு எப்பவும் இருக்கறதுதானே. வெந்நீர் வச்சுத் தர்றேன்."

"அந்த வாயு இல்ல. மிச்சம் மீதியைக் குப்பையில கொட்டினா, அது அழுகி மீத்தேன் வருது. அதத்தான் குறைக்கணும்னு சொல்றேன்."

"நான் எப்பங்க கொட்டினேன்? இந்த வீட்டுல நான் ஒரு பருக்கை மீத்தேன்னு யாராச்சும் சொல்லட்டும்."

"யாரும் சொல்லல."

"இப்ப நீங்கதானே சொன்னீங்க, நம்ம வீட்டுல மீத்தேன்னு."

இலக்கணம் அவள் பக்கம் இருந்தது. நான் மீத்தேனை விட்டுவிட்டு நேராக டிரம்முக்குப் போனேன்.

"ஒரு டிரம் தர்றாங்க. அதுல மிச்சத்தைப் போட்டா கேஸ் வரும்."

"நம்ம வீட்டுல ஏதுங்க மிச்சம்?"

"அதோ இருக்கே, மூடி வச்சிருக்கியே, நேத்துக் கறி."

"அது மிச்சம் இல்லீங்க. அது நாளைக்கு."

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பழசை டிரம் சாப்பிடும். டிரம் கேஸ் கொடுக்கும். அந்தக் கேஸில் அவள் ராத்திரிக்குப் புதுசாகச் சமைக்கலாம். கிடங்கு புகையாது. பூமிக்கும் நல்லது.

"பூமிக்கும்னா? இன்னும் யாருக்கு?"

கொஞ்சம் தடுமாறினேன். "பொதுவா எல்லாருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் கை நனைத்துவிட்டால் எனக்கு மூளை ஓடாது.

"ஒண்ணுங்க," என்றாள். "அதுக்கு ஊட்டுறது உங்க பொறுப்பு. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்கு." இடுப்பில் இருந்த ஒன்று என்னைப் பார்த்துக் கஞ்சியைத் துப்பியது.

டிரம் வந்தது. நீல நிறம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பெரிய டிரம்முக்குள் இன்னொரு டிரம் குப்புறக் கவிழ்ந்து மிதந்தது. வாயு சேர்ந்தால் உள் டிரம் மேலே எழும்பும், தீர்ந்தால் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் புனலும் மூடியும் வைத்த குழாய். அதில்தான் ஊட்ட வேண்டும். இன்னொரு பக்கம் கரைசல் வழிகிற குழாய். உச்சியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் போய், ஒற்றை அடுப்பில் சேர்ந்தது.

பொருத்த வந்த ஃபிட்டர் நிறைய நேரம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனில் இருந்தேன். என் வீட்டுக்கு டிரம் வந்துவிட்ட விஷயத்தைக் கிடங்கில் ஒருத்தர் விடாமல் சொல்ல வேண்டியிருந்தது. என் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கூடவே இரண்டு வாளியும் கொடுத்தார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்குச் சிவப்பு.

"மக்குறது எது, மக்காதது எதுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன். மேஸ்திரி அல்லவா.

"மக்கு எதுன்னு தெரியும்ங்க," என்றாள். பச்சை வாளியைப் பார்த்துத்தான் சொன்னாள். வாளிக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பெருகி, பசி எடுத்து, அதற்குப் பிறகுதான் சாப்பிடுமாம். அதுவரை பழசெல்லாம் என் பொறுப்பிலேயே தொடர்ந்தது. நான் தினமும் வேலைக்குப் போகும்போது டிரம்மைத் தட்டி, "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் கேட்பேன். என் வாழ்க்கையில் வேறு யாருடைய பசிக்காகவும் நான் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

ஒரு நாள் உள் டிரம் எழும்பியிருந்தது. அடுப்பைப் பற்ற வைத்தேன். நீலமாக, சின்னதாக, புகை இல்லாமல் எரிந்தது. என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"சத்தமே இல்லாம வேலை செய்யுது," என்றாள். "நல்ல குணம்."

அன்று தொடங்கியது என் பொற்காலம். நேற்றைய சோறு டிரம்முக்கு. நேற்றைய கறி டிரம்முக்கு. குழந்தை மீத்த கஞ்சி டிரம்முக்கு. ராத்திரி என் தட்டில் பீன்ஸ் பீன்ஸாகவே வந்தது. கிழங்கு கிழங்காகவே வந்தது. யாரும் மாறுவேஷத்தில் வரவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போய், டிரம்மின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவேன்.

ருசி கண்டவன் சும்மா இருப்பானா? பழசு வருவதற்கு முன்பே தடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மத்தியானம் பாத்திரத்தில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தாலே தூக்கிக்கொண்டு போய்ப் புனலில் கவிழ்த்தேன். பாதிப் பூசணிக்காயைப் பெரிய பெரிய துண்டாகவே உள்ளே தள்ளினேன். கிடங்குக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்து ஊட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்ன தம்பி, டிரம்முக்குப் போய் இப்படிக் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டறீங்க?"

"மீத்தேனைக் குறைக்கறேன்க்கா."

"மீத்தீங்களா? தங்கச்சிக்குத் தெரியுமா?"

என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைப்புத்தான்.

முதலில் வாசனை வந்தது. துணி துவைக்கிற கல் பக்கம் யாராலும் நிற்க முடியவில்லை. பிறகு புனல் வழியாக நுரை பொங்கி வந்தது. உள் டிரம் கோபித்துக்கொண்டவன் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுப்பு இரண்டு தடவை தும்மிவிட்டு அணைந்துபோனது.

அக்கா மூக்கை மூடிக்கொண்டே சுவருக்கு மேலே வந்தார். "தம்பி, உங்க கிடங்கையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களா?"

"சின்னக் கோளாறுக்கா. சரியாயிடும்."

"நான் காயப் போட்ட துணியைத் திரும்பத் துவைக்கணும். அது எப்பச் சரியாகும்?"

ஃபிட்டர் வந்தார். மூடியைத் திறந்தார். உடனே மூடினார்.

"என்ன சார் போட்டீங்க?"

"மிச்சம்."

"எவ்வளவு?"

"இருந்ததெல்லாம்."

"அஜீரணம் சார். உள்ள எல்லாம் புளிச்சுப் போச்சு. கொஞ்ச நாள் பட்டினி போடுங்க. அப்புறம் தோலு, காம்பு, வாடின இலை, இதைப் பொடிசா நறுக்கி, தண்ணி கலந்து, அளவாக் குடுங்க. சோறு கறியெல்லாம் இப்பத்திக்கு வேண்டாம். இதெல்லாம் அன்னிக்கே சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அம்மாகிட்ட."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அவ்வளவு பெரிய மூக்கு இல்லை அது.

ஃபிட்டர் போனதும் கேட்டேன். "அப்ப, உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்ங்க."

"ஏன் சொல்லல?"

"ஊட்டுறது உங்க பொறுப்புன்னு பேசிக்கிட்டோமே. நடுவுல வந்து பேசினா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"டிரம்மு செத்துப் போயிருந்தா?"

"அதெல்லாம் சாகாதுங்க. பாப்பாவுக்கும் இப்படி ஆச்சு, அன்னிக்கு நீங்க வாழைப்பழத்தை முழுசா ஊட்டினப்ப. வயித்தைக் காயப் போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தேன். எந்திரிச்சு உக்காந்துடுச்சு. இதுவும் பச்சப்புள்ள வயிறு மாதிரிதான்."

அன்று முதல் டிரம் அவள் கைக்குப் போனது. பட்டினி போட்டாள். கரைத்த சாணம் ஒரு சொம்பு கொடுத்தாள். பிறகு தோலையும் காம்பையும் அரிவாள்மனையில் பொடிப்பொடியாக அரிந்து, தண்ணீர் கலந்து, குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கிற அதே நேரத்தில் அதற்கும் கொடுத்தாள். குழந்தைக்குப் பாடுகிற பாட்டை அதற்கும் பாடினாளா என்று தெரியாது. நாற்றம் போனது. நுரை அடங்கியது. உள் டிரம் மெல்ல எழும்பியது.

என் தட்டில் பூசணிக்காயும் எழும்பியது. இந்தத் தடவை முட்டைக்குள் மறைந்து வந்திருந்தது.

"இது என்ன நியாயம்?" என்றேன். "பழசு டிரம்முக்குன்னுதானே பேசினோம்?"

"டிரம்முக்கு ஒத்துக்கலைங்க."

"அதுக்கு?"

"உங்களுக்கு ஒத்துக்குதே."

"டிரம்முக்கு ஒத்துக்காததை மனுஷன் சாப்பிடணுமா?"

"டாக்டரே வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு."

"அவர் ஃபிட்டர்."

"டிரம்முக்கு அவர்தாங்க டாக்டர்."

சரி, கேஸாவது வருகிறதே, அதில் புதுசாக ஏதாவது சமைக்கச் சொல்வோம் என்று அடுத்த கல்லை எறிந்தேன்.

"அது சின்ன அடுப்புங்க. புதுசா வேக வைக்கப் பத்தாது," என்றாள். "பழசைச் சூடு பண்ணத்தான் சரியா இருக்கும்."

யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் சில நாளாவது பழசு ஆறிப்போய் வரும். ஆறிப்போச்சு, வேண்டாம் என்று தட்டைத் தள்ள எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அது ஆவி பறக்க வந்தது. நானே கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிவந்த டிரம், என் பழசைச் சூடாக்கிச் சுடச்சுட எனக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. மேடம். போடலாம் என்று அவர் வாயால் சொன்னதைக் கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கிறது. அதை என் மனைவி எதிரில் இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும். அரசாங்க உத்தரவு. அவளால் தட்ட முடியாது. "எங்க வீட்டு டிரம்மை ஒரு தடவை வந்து பாக்கணும் மேடம்," என்று விடாமல் கேட்டுக் கூட்டிவந்தேன்.

மேடம் டிரம்மைச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தார்.

"வச்ச வீட்டுல பாதியில நாத்தம் தாங்க முடியல. உங்க வீட்டுல நல்லா இருக்கே. யார் பாத்துக்கறாங்க?"

"நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தங்கச்சிதான்," என்றார் சுவருக்கு மேலிருந்து அக்கா.

தங்கச்சி கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் வெளி ஆட்களிடம் பேச மாட்டாள். கூச்சம். பாதி முகமும் குழந்தையின் ஒரு காலும் மட்டும் தெரிந்தன. இதுதான் சமயம் என்று நான் முன்னால் வந்தேன்.

"மேடம், இவளுக்கு ஒரு சந்தேகம். மிச்சமான சாப்பாடெல்லாம் டிரம்முக்குத்தான் போகணும்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அப்படின்னு யார் சொன்னது?"

"நீங்கதான் மேடம். கொட்டகையில."

"போடலாம்னு சொன்னேன். போடணும்னு சொல்லலையே. குப்பையில கொட்டறதுக்கு டிரம்முல போடறது நல்லது. ஆனா சாப்பிடக்கூடியதா இருந்தா முதல்ல சாப்பிட்டுடணும். விளைவிச்ச தண்ணி, ஏத்தி வந்த வண்டி, சமைச்ச நெருப்பு, இவ்வளவும் அதுக்குள்ள இருக்கே. டிரம்மு கடைசிதான்." அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுல மிச்சத்தை என்னம்மா பண்றீங்க?"

கதவு இடுக்கு வழியாக ஒரு விரல் வந்தது. அந்த விரல் என்னைக் காட்டியது.

"எல்லாமே இவரா?"

பாதி முகம் மேலும் கீழும் ஆடியது.

"தினமுமா?"

மறுபடியும் ஆடியது.

மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மீத்தேனைக் குறைக்கறதுன்னா இதுதான். நாங்க ஊர் ஊரா டிரம்மு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். நீங்க ஒரு ஆளே..." என்று நிறுத்திக்கொண்டார். மீதியை நானே புரிந்துகொண்டேன். தட்டோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார். தட்டில் இருந்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படம் இப்போது கிடங்கு வாசலில் ஒட்டியிருக்கிறது. கீழே 'முன்மாதிரிக் குடும்பத் தலைவர்' என்று போட்டிருக்கிறார்கள். லாரி டிரைவர்கள் உள்ளே வரும்போது தலையை வெளியே நீட்டி, "மேஸ்திரி, எங்க கொட்டட்டும்? நேரா உங்களுக்கேவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

போகும்போது மேடம் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுத் தோலும் காம்பும் அந்த டிரம்முக்குப் பாதி வயிற்றுக்குத்தான் காணுமாம். அக்கம்பக்கத்து வீட்டிலிருந்தும் வாங்கிப் போடலாமாம். கதவுக்குப் பின்னால் முகம் ஆடியது. அன்று முதல் பக்கத்து வீட்டு அக்கா காலையில் ஒரு வாளியைச் சுவருக்கு மேலே நீட்டுவார். என் மனைவி வாங்கிக்கொள்வாள். இரண்டு பேரும் சுவரின் இரண்டு பக்கமும் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். கூச்சப்படுகிறவளுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்துதான் வருமோ. எனக்கு அதில் அக்கறை இல்லை. வாளியில் வருவது தோல்தான். தோல் டிரம்முக்கு. நான் தலையிட என்ன இருக்கிறது?

இந்த நிலைமையில்தான் அது நடந்தது.

நேற்று வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தேன். தட்டில் சோறு. சோற்றில் பச்சைப் பட்டாணி, முழுசு முழுசாக. கூடவே நெய் வாசனை. மாவு இல்லை, முட்டை இல்லை, மல்லித்தழை மறைப்பு இல்லை. தோண்டிப் பார்த்தேன். அடிவரைக்கும் பூசணிக்காய் இல்லை.

"இது நேத்துப் பண்ணினது இல்லையே?" என்றேன். அனுபவப்பட்டவன் அல்லவா.

"நேத்து நான் பட்டாணி பண்ணினேனா?"

யோசித்தேன். முந்தின நாள் பண்ணவில்லை. அதற்கு முந்தின நாளும் பண்ணவில்லை. எங்கள் வீட்டில் பட்டாணி வாங்கியே பல நாள் ஆகிறது.

"இல்ல."

"அப்புறம் என்ன, சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். என்ன இருந்தாலும் பெண் மனசு. கிடங்கு வாசலில் என் படத்தைப் பார்த்து இரங்கிவிட்டாள். நான் கேட்காமலே, வாதாடாமலே, எந்த டிரம்மின் தயவும் இல்லாமலே கிடைத்துவிட்டது.

"உன் கைப்பக்குவமே மாறிப் போச்சு," என்றேன்.

"அப்படியா?"

"முன்னயும் நல்லாத்தான் இருக்கும். ஆனா இது வேற ஆளு சமைச்ச மாதிரி இருக்கு."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க," என்றாள்.

போட்டுக்கொண்டேன். ஒரு பருக்கை மீக்கவில்லை. தட்டை விரலால் வழித்தேன். எழுந்து பின்பக்கம் போய்க் கை கழுவினேன். டிரம் நிறைந்த வயிற்றோடு மேலே எழும்பி நின்றிருந்தது. எனக்கும் அதற்கும் இனி ஒரு சண்டையும் இல்லை என்று நினைத்துக்கொண்டே வாய் கொப்பளித்தேன்.

சுவருக்கு மேலே அக்கா தலை தெரிந்தது.

"பட்டாணிச் சோறு நல்லா இருந்துச்சா தம்பி?"

"பிரமாதம்க்கா," என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநேத்துலேர்ந்து எங்க வீட்டுல ஒருத்தரும் தொடல. அந்த டப்பாவைக் கழுவிக் குடுத்துடுங்க, இன்னும் பீன்ஸ் வேற மிஞ்சிக் கிடக்கு."